வேலியில்லாத வயல்களின் நீதிமன்றம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1977-இல் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நிலப்பிரபுக்களின் காலத்திலிருந்து வந்த பண்ணை நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. கோர்ட் லீட் என்று அழைக்கப்பட்ட அந்த மன்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போதே வேலை ஏதும் மிச்சமில்லை. பழைய பட்டங்களைச் சூட்டிக்கொள்ளும் சடங்காக மட்டும் சில நடந்துவந்தன. அந்தக் களையெடுப்பில் நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் என்ற சிற்றூரின் மன்றம் மட்டும் தன் அதிகாரத்தோடு விட்டுவைக்கப்பட்டது. பழமைக்குக் காட்டிய சலுகை என்று அதை நினைத்துவிடக் கூடாது. அந்த மன்றத்துக்கு அன்றாட வேலை இருந்தது. அது எல்லை பார்க்க வேண்டிய வயல்கள் இருந்தன, அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உழும் விவசாயிகளும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

நியூவார்க் நகருக்கு வடக்கே, ஷெர்வுட் காட்டின் கிழக்கு ஓரத்தில், கனத்த செம்மண் களிநிலத்தில் இருக்கிறது லாக்ஸ்டன். இங்கிலாந்தின் கிராமப்புறத்தை ஒளிப்படங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே வியக்க அதிகம் இல்லை. ஒரு நீண்ட தெரு, செங்கல் வீடுகள், புனித மைக்கேல் தேவாலயம், டவ்கோட் இன் என்ற மதுவிடுதி. ஊரின் வடகோடியில் நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு இருக்கிறது. ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவலர்களாக இருந்த எவரிங்ஹாம் குடும்பத்தின் இருப்பிடம் அது. அக்குடும்பத்துப் பெண் ஒருவரின் ஓக் மரச் சிற்பம் தேவாலயத்தில் படுத்த நிலையில் இருக்கிறது. இடைக்காலத்து மரச்சிற்பங்கள் தப்பிப் பிழைப்பது அரிது என்பதால் அதைப் பார்க்கவே சிலர் வருகிறார்கள். ஆனால் லாக்ஸ்டனின் உண்மையான சொத்து கோட்டையிலும் இல்லை, தேவாலயத்திலும் இல்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதி கைவிட்டுவிட்ட ஓர் உழவு ஏற்பாடு அங்கே இன்னும் நடக்கிறது. கல்லும் மரமும் தாமாகக் கிடந்து நிலைக்கும். ஓர் ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது அதை மறுபடி செய்தாக வேண்டும். இந்த வேறுபாடுதான் லாக்ஸ்டனைப் படிக்கத் தகுந்த ஊராக்குகிறது.

அந்த ஏற்பாட்டின் பெயர் திறந்தவெளி வயல்முறை. ஊரைச் சுற்றித் தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல் என மூன்று பெருவயல்கள். எதற்குள்ளும் வேலி கிடையாது, உயிர்வேலியும் கிடையாது. ஒவ்வொரு பெருவயலும் நீண்ட பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒரு விவசாயியின் பட்டைகள் மூன்றிலும் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஆண்டு ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை. அடுத்த ஆண்டு அதே வயலில் வசந்தத்தில் விதைக்கும் பார்லியோ பயறோ. மூன்றாம் ஆண்டு தரிசு. மூன்று வயல்களும் இந்தச் சுழற்சியில் ஒன்றை ஒன்று தொடர்ந்து வரும். முன்பெல்லாம் தரிசு வயலில் ஊர்க் கால்நடைகள் மேய்ந்து எரு போட்டன. இன்று தரிசுக்குப் பதிலாகப் புல், தீவனப் பயிர் போடுகிறார்கள்.

வேலி இல்லாததன் பொருள் என்னவென்று யோசித்தால்தான் இந்த முறையின் இறுக்கம் புரியும். பக்கத்துப் பட்டைக்காரர் கோதுமை போட்டிருக்கும்போது நான் மட்டும் தரிசு விட முடியாது, என் ஆடு அவர் பயிரில் இறங்கிவிடும். எல்லோரும் அறுவடை முடித்துக் கால்நடைகளைத் தாளடியில் இறக்கக் காத்திருக்கும்போது நான் மட்டும் பின்பருவப் பயிரை நிறுத்திவைக்க முடியாது. எதை எப்போது விதைப்பது, எப்போது வயலை மேய்ச்சலுக்குத் திறப்பது என்பதெல்லாம் ஊர் முடிவாக வேண்டும். வேலி இருந்தால் அதுவே நமக்காகப் பேசிவிடும். அது இல்லாத இடத்தில் மனிதர்கள்தாம் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சின் அமைப்பு வடிவமே கோர்ட் லீட்.

நவம்பர் மாதக் கடைசியில் ஜூரி நாள். ஊர் விவசாயிகளிலிருந்து தேர்ந்து பிரமாணம் செய்துகொண்ட ஜூரிகள், புதிதாகக் கோதுமை விதைத்திருக்கும் வயலைப் பார்வையிடப் புறப்படுகிறார்கள். இப்போது டிராக்டர் இழுக்கும் வண்டியில் போகிறார்கள். யாராவது தன் பட்டையை உழும்போது அண்டைக்காரர் நிலத்தில் ஒரு சால் கூடுதலாக ஓட்டிவிட்டாரா, பொதுப் பாதையை அரித்துவிட்டாரா, புல்தரைக்குள் கலப்பையை இறக்கிவிட்டாரா, வடிகாலைத் தூர்வாராமல் விட்டாரா என்று பார்க்கிறார்கள். எல்லை ஐயமாக இருந்தால் அளந்து முளைக்குச்சி அடிக்கிறார்கள். பிறகு விடுதிக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, யார் யார் எதில் தவறினார்கள், எவ்வளவு அபராதம் என்று பட்டியல் எழுதுகிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன்னில் மன்றம் கூடும். நிலவுரிமையாளரின் சார்பில் ஸ்டூவர்ட் என்ற அலுவலர் தலைமை தாங்குவார். பட்டியல் வாசிக்கப்படும், அபராதம் வசூலாகும், அடுத்த ஆண்டுக்கான ஜூரிகள் பிரமாணம் எடுப்பார்கள். அலைந்து திரியும் மாடுகளைப் பிடித்துக் கொண்டித் தொழுவத்தில் அடைக்கும் பின்டர் என்ற அலுவலரையும் அமர்த்துவார்கள். கொண்டித் தொழுவில் அடைக்க இன்று மாடு எதுவும் அகப்படாமல் போகலாம், ஆனால் பதவி காலியாக விடப்படுவதில்லை.

அபராதத் தொகை சில பவுண்டுகள்தான். யாரையும் அது ஏழையாக்காது. அதன் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. குற்றம் கண்டுபிடிப்பவரும் குற்றத்துக்கு ஆளாகிறவரும் ஒரே தெருவில் வசிப்பவர்கள், நாளை இடம் மாறி நிற்கக்கூடியவர்கள். இந்த ஆண்டு ஜூரியாக முளைக்குச்சி அடித்தவரின் பட்டைக்கு வேறோர் ஆண்டில் வேறொருவர் முளைக்குச்சி அடிப்பார். கோதுமை வயலை மட்டும் பார்ப்பதால் ஒவ்வொரு பெருவயலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை முழுமையாகச் சோதனைக்கு வருகிறது. மூன்றாண்டுக்குள் ஒருவர் திருடக்கூடிய மண் எவ்வளவு? ஒரு சால், இரண்டு சால். அதற்குமேல் போகும் முன் பிடித்துவிடலாம். இதை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுத்திருக்க மாட்டார்கள். தலைமுறைகளின் சச்சரவு தேய்த்துத் தேய்த்துக் கண்டடைந்த அளவு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊரின் தோற்றத்திலேயே இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பண்ணைவீடுகள் ஊரைவிட்டுத் தள்ளித் தத்தம் நிலத்தின் நடுவே நிற்கும். நிலங்கள் வேலியடைக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஒரே துண்டாகக் கிடைத்தபின் விவசாயிகள் வீட்டையும் அங்கே கொண்டுபோனார்கள். லாக்ஸ்டனில் அப்படிப் போக முடியாது. மூன்று திசைகளிலும் சிதறிக் கிடக்கும் பட்டைகளுக்கு நடுவிடம் என்றால் ஊர்தான். ஆகவே பண்ணைவீடுகள் தெருவை ஒட்டியே நெருங்கி நிற்கின்றன. பலவற்றின் பக்கச்சுவர் தெருவைப் பார்க்க, முற்றமும் கொட்டகையும் பின்னால் நீள்கின்றன. தெருவில் நடப்பவர் வயலைப் பார்க்காமலே வயல்முறையை ஊகித்துவிடலாம்.

இதையெல்லாம் நாம் இவ்வளவு விரிவாக அறிய முடிவது 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் தயாரித்த ஒரு வரைபடத்தால். இப்போது அது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் யாருடையது, எவ்வளவு பரப்பு என்று அதனோடு சேர்ந்த பதிவேடு சொல்கிறது. பட்டைகளின் எண்ணிக்கை 2,000-க்கும் மேல். வரைபடத்தின் மேலேயே ஏர் ஓட்டுபவர்களையும் அறுவடை செய்பவர்களையும் வேட்டைக்குப் போகிறவர்களையும் சின்னஞ்சிறு உருவங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். நிலப் பதிவேட்டில் உழைப்பவர்களின் உருவத்தைப் பார்ப்பது எந்த நாட்டிலும் அபூர்வம்.

அந்த வரைபடத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. அப்போது லாக்ஸ்டனின் உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். கரீபியனில் பார்படோஸ் தீவில் 1627-இல் ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு முதல் போட்டவர் அவர். வரைபடம் உருவான அதே 1635-இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவோடும் சீனாவோடும் வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி வாங்கியவரும் அவரே. அவருடைய கூட்டமைப்பு அனுப்பிய கப்பல்கள் ஜான் வெடல் தலைமையில் 1636-இல் புறப்பட்டுக் கோவா, பட்கல் வழியாகச் சீனம் வரை போயின. கோர்ட்டன் அதே ஆண்டில் இறந்துவிட, முயற்சி பின்னர் நொடித்துப்போனது. லாக்ஸ்டன் கைமாறி, சில ஆண்டுகளில் பியர்பான்ட் குடும்பத்திடம் சேர்ந்தது. வெளியுலகம் தீண்டாத ஊர் என்று லாக்ஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊரைப் பற்றிய மிகச் சிறந்த ஆவணமே கடல்வணிக முதலின் கணக்குப் பார்க்கும் பழக்கத்தால் பிறந்தது.

ஒருவரின் நிலம் ஏன் இப்படித் துண்டு துண்டாகச் சிதற வேண்டும்? அறிஞர்களிடையே நூறாண்டுகளுக்கு மேலாக நடக்கும் விவாதம் இது. ஆக்ஸ்ஃபோர்டின் வேளாண் பொருளாதார அறிஞர் சி. எஸ். ஆர்வினும் அவர் துணைவியாரும் 1938-இல் வெளியிட்ட ‘தி ஓப்பன் ஃபீல்ட்ஸ்’ என்ற நூல் லாக்ஸ்டனை மையமாகக் கொண்டது. கலப்பையிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். கனத்த களிமண்ணை உழப் பெரிய கலப்பையும் பல மாடுகளும் வேண்டும், அதைத் தனியாக வைத்துக்கொள்ள எந்தக் குடும்பத்துக்கும் வசதியில்லை. கூட்டாக உழுதவர்கள் ஒரு நாள் உழவில் ஆன பட்டையை ஒருவருக்கும், மறுநாள் ஆனதை இன்னொருவருக்கும் முறைவைத்துக் கொடுத்தார்கள், சிதறல் அப்படி உண்டானது என்பது அவர்கள் வாதம். கலப்பை மண்ணை ஒரு பக்கமாகவே புரட்டுவதால் பட்டையின் நடு மேடாகி ஓரம் பள்ளமாகும், அது வடிகாலாகவும் எல்லையாகவும் பயன்படும்.

வரலாற்றாளர் ஜோன் தெர்ஸ்க் 1964-இல் இதை மறுத்து, இந்த முறை ஒரே வீச்சில் பிறக்கவில்லை என்றார். மக்கள்தொகை பெருகிப் பாகப்பிரிவினையால் நிலம் துண்டானது, மேய்ச்சல் நிலம் குறைந்தது, பிறகே தரிசு மேய்ச்சலைப் பொதுவில் ஒழுங்குபடுத்தும் தேவை வந்தது என்பது அவர் கருத்து. பொருளாதார வரலாற்றாளர் மெக்ளாஸ்கி 1970-களில் வேறொரு விளக்கம் தந்தார். மேட்டில் ஒன்று, தாழ்வில் ஒன்று, மணற்பாங்கில் ஒன்று என நிலம் இருந்தால் ஒரே மழையோ ஒரே பூச்சியோ எல்லாவற்றையும் அழிக்காது. விளைச்சலில் சிறிது குறைந்தாலும் பட்டினியிலிருந்து காப்பு. மூன்றில் தெர்ஸ்க்கின் வாதமே உறுதியானது என நான் கருதுகிறேன். ஆனால் ஒரு முறை எப்படிப் பிறந்தது என்பதும் அது ஏன் நீடித்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். நீடிப்பதற்கு மெக்ளாஸ்கி சொல்லும் காரணம் வலுவானது.

இந்த விவாதத்துக்குள் இந்தியாவும் ஒருகாலத்தில் இழுக்கப்பட்டது. இந்தியத் தலைமை ஆளுநரின் அவையில் 1862 முதல் 1869 வரை சட்ட உறுப்பினராக இருந்த ஹென்றி மெய்ன், ஊர் திரும்பியபின் 1871-இல் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கிராமச் சமுதாயங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பழைய பொதுவயல்களின் எச்சங்களும் இந்தியக் கிராமங்களின் கூட்டு நிலவுரிமையும் ஒரே மூலத்தின் இரு கிளைகள் என்றார். இன்றைய ஆய்வாளர்கள் அந்த ‘ஒரே மூல’க் கொள்கையை ஏற்பதில்லை. இந்தியக் கிராமத்தை மாறாத ஒன்றாக உறைய வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு, அந்த உறைந்த படம் நிர்வாகக் கொள்கையிலும் புகுந்தது. லாக்ஸ்டனையும் அப்படி உறைய வைக்கும் ஆசை நமக்கு வரக் கூடாது.

ஏனென்றால் அந்த ஊர் உறைந்து நிற்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இரண்டாயிரம் பட்டைகள் இன்று நூற்றுச் சொச்சம். திறந்தவெளி வயல்களின் பரப்பும் சுருங்கிச் சுமார் 480 ஏக்கர் ஆகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் ஓரங்களில் நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியர்பான்ட் வழிவந்த நிலவுரிமையாளரான மேன்வர்ஸ் பிரபு பட்டைகளை மாற்றிச் சேர்த்துப் பெரிதாக்கினார். மாடு போய்க் குதிரை வந்தது, குதிரை போய் டிராக்டர் வந்தது.

மீதி இங்கிலாந்தில் நடந்ததோ முழு அழிப்பு. 1604-க்கும் 1914-க்கும் இடையில் நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பொதுப் பயன்பாட்டிலிருந்து தனியுடைமையானது. விளைச்சல் கூடியது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஒரு பசுவையும் சில வாத்துகளையும் பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்தவர்கள் கூலிகளானதற்கும் சான்றுகள் உண்டு. கவிஞர் ஜான் கிளேரின் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு 1809-இல் அந்தச் சட்டம் வந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிய துயரத்தின் வேர் அதில் இருக்கிறது.

லாக்ஸ்டன் தப்பியது ஊர்மக்களின் போராட்டத்தால் என்று சொல்ல எனக்கு விருப்பம்தான், ஆனால் உண்மை அப்படியில்லை. அங்கே மேன்வர்ஸ் பிரபுவுக்கு அடுத்தபடியாக ஸ்கார்பரோ பிரபுவுக்கு நிறைய நிலம் இருந்தது. இருவரின் பட்டைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வேலியடைக்க வேண்டுமானால் இருவரும் நிலமாற்றத்துக்கு இணங்க வேண்டும். அந்த உடன்பாடு தலைமுறைக் கணக்கில் கூடிவரவில்லை. இடையிடையே சிறு உடைமையாளர்களும் இருந்தார்கள். எல்லாம் ஒரு கைக்கு வந்தபோது 19-ஆம் நூற்றாண்டு முடிந்துகொண்டிருந்தது, தானிய விலை சரிந்து வேளாண்மை முடங்கிக் கிடந்தது. வேலிக்கும் புதிய பண்ணைவீடுகளுக்கும் செலவிட யாருக்கும் மனமில்லை. பெரிய உடைமைகளின் இழுபறியும் விலைச் சரிவும் சேர்ந்து ஓர் அரிய பொருளைக் காப்பாற்றின. ஜே. வி. பெக்கெட் 1989-இல் எழுதிய லாக்ஸ்டன் வரலாறு இதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது.

தற்செயலால் பிழைத்தது 20-ஆம் நூற்றாண்டில் தெரிந்தே காக்கப்பட்டது. ஆறாம் மேன்வர்ஸ் பிரபு 1952-இல் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். தாட்சர் அரசு அரசுச் சொத்துகளைக் கைகழுவத் தொடங்கியபோது லாக்ஸ்டனும் பட்டியலில் வந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 1981-இல், திறந்தவெளி முறையைக் காக்கும் உறுதிமொழியோடு மன்னர் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் அதை வாங்கியது. அதுவும் 2020-இல் கைவிட, நிலம் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு, அதாவது 17-ஆம் நூற்றாண்டு முதல் அதை வைத்திருந்த பியர்பான்ட் வழியினரின் பண்ணைக்கே, திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரே கேள்விதான் எழுந்தது: புதிய உரிமையாளர் மன்றத்தை மதிப்பாரா? பொதுவில் முடிவெடுக்கும் முறை ஒரு தனி உரிமையாளரின் நல்லெண்ணத்தின் மீது நிற்கிறது என்பது லாக்ஸ்டனின் ஆறாத முரண்.

இதனால்தான் இந்த ஊரைச் சமத்துவத்தின் சின்னமாகக் காட்டும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. இடைக்காலத்தில் ஒருவருக்கு நிறையப் பட்டைகள் இருந்தன, இன்னொருவருக்கு ஒன்றிரண்டே. பட்டையே இல்லாத கூலிகளும் இருந்தார்கள். மன்றமே நிலப்பிரபுவின் மன்றம், அதன் அபராதம் அவருடைய வருமானம். லாக்ஸ்டன் சொல்லித் தருவது சமத்துவம் அல்ல. சமமில்லாதவர்களும் ஒரு வரம்புக்குள் ஒருவரையொருவர் கட்டுப்படுத்த முடியும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொதுநிலத்தில் ஒவ்வொருவரும் மாடுகளைக் கூட்டிக்கொண்டே போய் நிலத்தை அழிப்பது தவிர்க்க முடியாதது என்று வாதிட்டார். லாக்ஸ்டனில் மேய்ச்சல் உரிமை பங்குகளாக எண்ணி வகுக்கப்பட்டது, பங்குக்கு மேல் ஓர் ஆட்டையும் இறக்க முடியாது. ஹார்டினே பின்னாளில், தான் சொன்னது நிர்வாகமில்லாத பொதுநிலத்துக்கே பொருந்தும் என்று திருத்திக்கொண்டார். எலினோர் ஆஸ்ட்ரோம் 1990-இல் வெளியிட்ட நூலில் சுவிட்சர்லாந்து மலையூர் டோர்பெல், ஸ்பெயினின் வலென்சியா பாசனக் கூட்டங்கள் முதலியவற்றை ஆராய்ந்து, நீடித்த பொதுவள அமைப்புகளில் தெளிவான எல்லை, பயனாளிகளே நடத்தும் கண்காணிப்பு, படிப்படியாகக் கூடும் தண்டனை, தகராறுகளை அருகிலேயே தீர்க்கும் மன்றம் ஆகியவை இருப்பதைக் காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். முளைக்குச்சி, ஜூரி நாள், சில பவுண்டு அபராதம், விடுதியில் கூடும் மன்றம் என லாக்ஸ்டனின் நடைமுறையை இந்தப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடலாம்.

இந்த முறை மனிதர்களுக்கு மட்டும் பயன்படவில்லை. பெருவயல்களுக்குள் செங்குத்தாகவோ ஈரமாகவோ இருந்ததால் கலப்பை இறங்காத புல்தரைகள் உண்டு, சைக் என்று அவற்றை அழைக்கிறார்கள். அவற்றின் புல் ஆண்டுதோறும் கோடையில் ஏலம் போகும். உரமும் களைக்கொல்லியும் அதிகம் படாமல், ஒழுங்காக அறுபட்டு வந்ததால் அங்கே காட்டுப்பூக்களின் வகை செறிந்திருக்கிறது. சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அவை சட்டப் பாதுகாப்பு பெற்றுள்ளன. அவற்றை உழாமல் காத்தது முதலில் மன்றம்தான், இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. சைக்குக்குள் ஒரு சால் இறக்கியவருக்கு ஜூரி விதித்த அபராதங்கள்தாம் அந்தப் பூக்களை இதுவரை கொண்டுவந்திருக்கின்றன.

இனி என்ன என்பதே கடினமான கேள்வி. இன்று அங்கே குத்தகை விவசாயிகள் மிகச் சிலர். ஒவ்வொருவருக்கும் திறந்தவெளிப் பட்டைகளோடு வேலியடைத்த தனி நிலமும் உண்டு, வருமானத்துக்கு அதை நம்ப வேண்டியிருக்கிறது. பெரிய இயந்திரங்களுக்குப் பட்டைகள் குறுகல். கோதுமை, வசந்தப் பயிர், தரிசு என்ற சுழற்சி சந்தைக்கேற்ப மாற்ற இடம் தராது. வேலியில்லா நிலத்தில் கால்நடை மேய்ப்பதும் குறைந்துவிட்டது. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டு மூன்று கைகளுக்குப் போய்விட்டால் மன்றம் கூடலாம், ஆனால் தீர்க்க அங்கே தகராறு இருக்காது. தன்னைத்தானே சோதித்து அபராதம் விதித்துக்கொள்ளும் ஜூரி வெறும் நாடகமாகிவிடும். ஆகவே லாக்ஸ்டனில் காக்க வேண்டியது முதலில் விவசாயிகளின் எண்ணிக்கையை. ஒரு குத்தகை காலியாகும்போது அதை அண்டைப் பண்ணையோடு சேர்க்காமல் இளம் விவசாயி ஒருவருக்குத் தனியாகவே கொடுக்க வேண்டும், குத்தகைத் தொகையை அவர் தாங்கும் அளவில் வைக்க வேண்டும், சுழற்சியால் அவருக்கு வரும் இழப்பைப் பொதுப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். கட்டடங்களைப் பழுதுபார்க்கத் தாராளமாகச் செலவிடும் நாட்டுக்கு, நவம்பர் மாதக் குளிரில் முளைக்குச்சியோடு வயலில் இறங்கும் சில விவசாயிகளின் வாழ்வாதாரத்துக்குச் செலவிடுவது பெரிய சுமை அல்ல.